கோட்டையைப் பார்க்கப் போய் குடோனைப் பார்த்த கதை

மாமா பாரிஸ் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஈஃபில் கோபுரம், லூவ்ர், படகு சவாரி எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டன. லா ஷப்பேல் கடைத்தெருவுக்கு இரண்டு தடவை போய் முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்டு, ஈரோட்டு விலைக்குக் கணக்குப் போட்டு, வாங்காமல் திரும்பியும் ஆயிற்று. மாமா என்றால் என் மனைவியின் அப்பா. முப்பத்தைந்து வருஷம் ஜவுளி மொத்த வியாபாரம் பார்த்துவிட்டுக் கடையை மச்சானிடம் கொடுத்தவர், ஆனால் இப்போதும் காலை ஆறு மணிக்கே குளித்துச் சட்டை மாற்றி, கடை திறக்கக் கிளம்புகிறவர் மாதிரி சோபாவில் உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஜூன் மாதம், வார நாள், எனக்கு ஒரு நாள் லீவு இருந்தது. புரோவான் போகலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். லாவெண்டர் வயல் படம் போட்டு எல்லோரும் பகிர்கிற புரோவான்ஸ் தெற்கே, மத்தியதரைக் கடல் பக்கம் இருக்கிறது. நான் சொல்வது புரோவான். கடைசி எழுத்தை முழுங்கிவிட்டு 'ன்' என்பதை மூக்கால் சொல்ல வேண்டும். பாரிசுக்குத் தென்கிழக்கே எண்பது கிலோமீட்டர் சொச்சம். பாரிசின் கார் தெ லெஸ்ட் நிலையத்தில் பி (P) லைன் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கடைசி ஸ்டேஷன் அதுதான். மாதச் சீட்டாக நவிகோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் செலவே இல்லை, ஐந்தாம் மண்டலத்துக்குள் வந்துவிடுகிறது. பாரிசில் வருஷக்கணக்காக இருந்துகொண்டு, பையில் அந்தச் சீட்டையும் வைத்துக்கொண்டு, இந்த ஊருக்குப் போகாதவர்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர். நானும் ஆறு வருஷம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

"என்ன இருக்குதுங்க அங்க?" என்றார் மாமா. "கோட்டை இருக்குதுங்க மாமா. எண்ணூறு வருஷத்துப் பழைய ஊர், மதில், கோபுரம் எல்லாம் அப்படியே இருக்கும். யுனெஸ்கோ பட்டியல்ல 2001லயே சேர்த்துட்டாங்க" என்றேன். அவருக்கு யுனெஸ்கோ மேல் பெரிய மரியாதை இருப்பதாகத் தெரியவில்லை. எலுமிச்சைச் சாதத்தை டப்பாவில் அடைக்கச் சொன்னார்.

ரயில் நிலையம் கீழ் ஊரில் இருக்கிறது. பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை மேல் ஊரில். நடுவில் இருபது இருபத்தைந்து நிமிஷ நடை, அதில் கடைசிப் பாதி நல்ல ஏற்றம். முட்டி வலி உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள், சீசனில் சுற்றுலாக்காரர்களுக்கென்று ஒரு குட்டி ரயில் வண்டி ஓடும். நாங்கள் நடந்தோம், ஏனென்றால் மாமா வண்டிக்குக் காசு கொடுக்க ஒப்புக்கொள்ளவில்லை. வழியில் இரண்டு இடத்தில் சின்னத் தண்ணீர் ஓட்டத்தைத் தாண்டினோம். வாய்க்கால் அகலம்தான் இருக்கும், வீட்டுச் சுவரை ஒட்டியே ஓடுகிறது. துர்த்தேன், வூல்சி என்று இரண்டு சிற்றாறுகள் இந்த ஊருக்குள் வந்து சேர்கின்றன. மாமா ஒரு பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டு நானும் நின்றேன்.

மேல் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் வருவது ஷாத்தல் சதுக்கம். மரச்சட்டம் போட்டு நடுவில் சாந்து அடைத்த பழைய வீடுகள் சுற்றிலும் கோணல்மாணலாக நிற்க, ஒரு மூலையில் இரும்புக் கூண்டு வைத்த கிணறும் அதன் பக்கத்தில் ஒரு கல் சிலுவையும். கிணற்றடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முப்பது பேர் மர வாளும் அட்டைக் கேடயமுமாக ஒருத்தரை ஒருத்தர் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நிழலில் நின்று தலையை எண்ணிக்கொண்டிருந்தார். சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளில் பாதியிலும் வாள்தான் விற்கிறது. இந்த ஊரே தன்னை வீரர்களின் ஊர் என்று விற்றுக்கொள்கிறது, வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை மதிலடியில் கழுகு பறக்கவிடும் காட்சி, குதிரை வீரர் காட்சி எல்லாம் டிக்கெட் போட்டு நடக்கும், ஜூனில் ஒரு வார இறுதி முழுக்க ஊரே இடைக்கால வேஷம் கட்டித் திருவிழா கொண்டாடும். குறை சொல்லவில்லை, குழந்தைகளோடு போனால் அதற்காகவே போகலாம். ஆனால் அந்தச் சிலுவையின் பெயரைக் கேட்டால் கதை வேறு. 'மாற்றுச் சிலுவை' என்கிறார்கள். மாற்று என்பது இங்கே நாணய மாற்று. சந்தை பற்றிய அறிவிப்புகளை அதில்தான் ஒட்டுவார்கள். அதாவது இது சண்டைக்காரர்களின் சதுக்கமே இல்லை, காசு எண்ணியவர்களின் சதுக்கம்.

இதை மாமாவிடம் சொன்னேன். அதுவரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தவர், "அப்படிங்களா?" என்று முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

கதை இதுதான். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பகுதி பிரான்ஸ் அரசரின் நேரடி ஆட்சியில் இல்லை. ஷாம்பாய்ன் பிரபுக்கள் என்று ஒரு வம்சம் ஆண்டது. அவர்கள் தங்கள் நாட்டின் நாலு ஊர்களில் வருஷம் முழுக்க மாறி மாறி ஆறு பெரிய சந்தைகள் நடத்தினார்கள். லாஞியில் ஜனவரியில் தொடங்கும், அப்புறம் பார்-சூர்-ஓப், மே மாதம் புரோவான், கோடையில் துருவா, செப்டம்பரில் மறுபடி புரோவான், வருஷக் கடைசியில் மறுபடி துருவா. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறு வாரம். ஃபிளாண்டர்ஸ்காரர்கள், அதாவது இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஆட்கள், கம்பளித் துணியோடு வடக்கிலிருந்து வருவார்கள், ஜெனோவா, ஃபுளோரன்ஸ், சியென்னா பக்கத்து இத்தாலியர்கள் பட்டும் சாயச் சரக்கும் மிளகும் கொண்டு ஆல்ப்ஸ் மலை தாண்டி வருவார்கள். அந்த மிளகு அலெக்சாந்திரியா வழியாக வந்த மலபார்க் கரை மிளகு. புரோவான் சந்தையில் துணிக்கு இத்தனை நாள், தோலுக்கு இத்தனை நாள், எடை போட்டு விற்கும் சரக்குக்கு இத்தனை நாள் என்று முறை வைத்திருந்தார்கள். துணி விற்பனை முடிந்தால் சேவகர்கள் "ஆர்! ஆர்!" என்று கூவிக்கொண்டு வருவார்கள், கடையைக் கட்ட வேண்டும். கடைசியில் கணக்குத் தீர்க்க மட்டும் தனியாகச் சில நாட்கள்.

மாமாவின் முதல் கேள்வி எனக்கு மறக்காது. கோபுரம் எவ்வளவு உயரம், யார் கட்டினார்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. "வெளியூர்க்காரன் கடனுக்குச் சரக்கெடுத்துட்டுக் காசு குடுக்காம போயிட்டானா என்னங்க பண்ணுவாங்க?" என்றார்.

உண்மையில் ஷாம்பாய்ன் சந்தையின் மொத்த ரகசியமும் அந்தக் கேள்விக்குப் பதிலில்தான் இருக்கிறது. சந்தைக் காவலர்கள் என்று அதிகாரிகள் இருந்தார்கள், பேருக்குத்தான் காவல், செய்தது நீதிபதி வேலை. கடனைப் பத்திரமாக எழுதி அவர்கள் முத்திரை போட்டுக் கொடுப்பார்கள். வாங்கியவன் தரவில்லை என்றால் அவன் ஊர் அதிகாரிகளுக்கே கடிதம் போகும். அந்த ஊர் கண்டுகொள்ளவில்லையா, அந்த ஊர் வியாபாரி ஒருத்தனும் சந்தைக்குள் கால் வைக்க முடியாது. ஒருத்தன் ஏமாற்றினால் ஊருக்கே தடை. வழிப்பறிக்கும் இதே மாதிரிதான். 1148இல் வெஸலே ஊர் நாணய மாற்றுக்காரர்கள் புரோவான் சந்தைக்கு வரும் வழியில் கொள்ளை போனார்கள். அப்போதைய பிரபு திபோ, அரசர் சிலுவைப்போருக்குப் போயிருந்ததால் நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மடத்தலைவர் சூழேவுக்குக் கடிதம் எழுதினார். இதைச் சும்மா விட்டால் என் சந்தை அழிந்துபோகும், விடமாட்டேன் என்கிற பொருளில். மதம், மானம், அரசு மரியாதை எதையும் இழுக்கவில்லை, சந்தை படுத்துவிடும் என்றுதான் பயம். மாமா தலையை ஆட்டினார். "கில்லாடிங்க. ஊருக்கே தடை போட்டா ஊர்க்காரனே அவன் சட்டையைப் புடிச்சு வசூல் பண்ணிக் குடுத்துருவான்." ஈரோட்டில் அவருக்கு வராமல் போன வெளியூர் பாக்கிகள் எத்தனை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டியலை மனதுக்குள் ஓட்டியிருப்பார்.

அப்புறம் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல் கட்டடமான கிராஞ் ஓ தீம் போனோம். சர்ச்சுக்குக் கொடுக்க வேண்டிய பத்தில் ஒரு பங்கு தானியத்தைச் சேமித்த களஞ்சியம் என்பது பெயரின் அர்த்தம். ஆனால் அந்த வேலைக்கு அது வந்தது பிற்பாடுதான். சந்தை நடந்த காலத்தில் சான் கிரியாஸ் சர்ச்சின் குருமார்கள் இதைத் துலூஸ் வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். உள்ளே ஆளுயர பொம்மைகளை வைத்துத் துணி வியாபாரி, நாணய மாற்றுக்காரர், கல் தச்சர், எழுத்தர் என்று அமைத்திருக்கிறார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டபடி போகலாம். பொம்மைகளின் முகம் கொஞ்சம் பயமுறுத்தும், எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மாமா மட்டும் துணிக்காரர் பொம்மை முன்னால் நின்றுவிட்டார். காதுக் கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், அவருக்கு அதன் ஆங்கிலமும் வேண்டாம், பிரெஞ்சும் வேண்டாம். ஷாம்பாய்ன் சந்தைகளுக்கென்று தனியாக ஓர் அளவுகோல் உண்டு, எந்த நாட்டுத் துணியும் அந்தக் கோலால்தான் அளக்கப்பட வேண்டும் என்று நான் படித்ததைச் சொன்னேன். "கோல் சரியா இருந்து என்னங்க மாப்ள பிரயோஜனம்" என்று தன் மேல்துண்டை எடுத்தார். இடது கையில் ஒரு முனை, வலது கை மோவாய் வரை. "இப்படித் தளர்வா புடிச்சு அளந்தா ஒரு அளவு. இப்படி" என்று கட்டை விரலால் லேசாக இழுத்து, "புடிச்சா மீட்டருக்கு ரெண்டு விரக்கடை மிச்சம். கம்பளின்னா இன்னும் நல்லா இழுக்கும்" என்றார். பக்கத்தில் ஒரு ஜெர்மன் தம்பதி காதுக் கருவியை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் பார்த்த காட்சிகளில் டிக்கெட் இல்லாமல் பார்த்தது இது ஒன்றுதான்.

அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தைத் தவறவிடாதீர்கள். படி இறங்கினால் தடித்த தூண்கள், குறுக்கும் நெடுக்கும் வளைந்து கூடும் கல் கூரை. சர்ச்சுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும், ஆனால் இது சரக்கு வைக்கிற இடம். கீழே சரக்கு, தெரு மட்டத்தில் கடை, மாடியில் தங்குமிடம். மேல் ஊரில் பழைய வீடுகளுக்குக் கீழே இப்படிக் கல் வளைவு போட்ட அறைகள் ஏராளம். வெயில் காலத்தில் சூடு ஏறாது, மேலே தீப்பிடித்தாலும் சரக்கு பிழைக்கும், தெருவில் கலவரம் என்றால் கதவை அடைத்துவிடலாம். மாமா தூணில் கையை வைத்துக்கொண்டு, "கோட்டைன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க. ஊரு பூரா குடோனுங்க இது" என்றார்.

நிலத்தடிக்கு இதைவிட ஆழமாகவும் போகலாம். சான் திபோ தெருவில் பழைய தர்ம ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்று இருக்கிறது, ஒரு காலத்தில் பிரபுவின் வீட்டுப் பெண்கள் வாழ்ந்த மாளிகை. அதன் கீழேயிருந்து குகைப் பாதைகள் பிரிகின்றன. தனியாக விடமாட்டார்கள், வழிகாட்டியோடுதான் போக வேண்டும், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனிலும் உள்ளே ஸ்வெட்டர் வேண்டும். சுண்ணாம்பு நிறச் சுவர், சில இடங்களில் குனிந்து நடக்க வேண்டிய உயரம், சுவர் முழுக்க யார் யாரோ பல நூற்றாண்டுகளாகக் கீறிவிட்டுப் போன பெயர்களும் தேதிகளும் உருவங்களும். எதற்காகத் தோண்டினார்கள் என்பதற்கு ரகசியக் கூட்டம், ஒளிந்துகொள்ளும் இடம் என்று வழிகாட்டி பல கதைகள் சொன்னார். கூட்டத்துக்கு அதெல்லாம்தான் பிடித்தது. எனக்குப் பிடித்தது சாதாரணமான காரணம். கம்பளி நூலில் ஆட்டுக் கொழுப்பு ஒட்டியிருக்கும். நெய்த துணியை ஒருவகைக் களிமண் போட்டு மிதித்து அலசினால்தான் அந்தப் பிசுக்குப் போய்த் துணி அடர்த்தியாகும், சாயமும் பிடிக்கும். அந்த மண்ணுக்காகத் தோண்டிய சுரங்கங்கள் இவை என்கிறார்கள்.

என்ன மண் என்று மாமா கேட்டார். ஃபோனில் தேடினால் ஆங்கிலப் பெயர் வந்தது, அதைத் தமிழில் தேடினால் முல்தானி மட்டி. முகத்தில் பூசிக்கொள்கிறோமே, அதே வகை மண். முகத்து எண்ணெயை இழுக்கிற மண் கம்பளி எண்ணெயையும் இழுக்கும், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு அந்த இருட்டில் நின்றபோது சிரிப்பு வந்துவிட்டது.

இந்தத் துணிதான் ஊருக்குச் சோறு போட்டது. சந்தைக்கு வெளியூர் துணி வந்தது மட்டும் இல்லாமல் புரோவானே நெய்தது, இத்தாலி வரைக்கும் அனுப்பியது. இங்கே அடித்த வெள்ளிக் காசு 'புரோவான் தெனியே' ரொம்ப தூரம் செல்லுபடியானது. அந்தக் காசில் சீப்பு மாதிரி ஒரு சின்னம் இருக்கும். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரோம் நகரத்து செனட் தன் காசையே இதைப் பார்த்து அடித்தது. போப்பாண்டவர் ஊரிலேயே ஒரு சந்தை ஊரின் காசைக் காப்பியடித்தார்கள் என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெய்தவர்களின் கதை வழிகாட்டிப் பலகைகளில் அவ்வளவாக வராது. 1280இல் இங்கே மேயராக இருந்தவர் கீயோம் பான்த்கோத். வேலை முடிவதற்கான மணியைத் தள்ளி அடிக்கச் சொல்லி வேலை நேரத்தை ஒரு மணி நேரம் கூட்டினார். கூலிக்காரர்கள் எழுந்தார்கள். மேயர் கொல்லப்பட்டார். கலவரத்தை அடக்க வந்தவர் ஓர் ஆங்கிலேயர். லங்காஸ்டர் எட்மண்ட், இங்கிலாந்து அரசரின் தம்பி. ஷாம்பாய்ன் பிரபுவின் விதவையைக் கல்யாணம் செய்து அந்த வழியில் இந்த ஊருக்குப் பொறுப்பாக இருந்தவர். இந்தக் கதையைக் கேட்டதும் மாமா ஒன்றும் சொல்லவில்லை. சாயப்பட்டறைக்காரர், தறிக்காரர், கூலி, போனஸ் என்று அவர் கடைக்கும் பழைய தகராறுகள் உண்டு. கொஞ்சம் கழித்து, "ஒரு மணி நேரம் சேத்து வாங்கறதுன்னா கூலியும் சேத்துக் குடுக்கணுமுங்க" என்றார். அதைத் தன்னைப் பற்றிச் சொன்னாரா, மேயரைப் பற்றிச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

சரி, கோபுரத்துக்கு வருவோம். தூர் செசார், சீசர் கோபுரம். ஜூலியஸ் சீசருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, 12ஆம் நூற்றாண்டில் கொடைவள்ளல் ஆன்ரி என்ற பட்டப்பெயர் கொண்ட பிரபுவின் காலத்துக் கட்டடம். கீழே சதுரம், மேலே எண்கோணம், நாலு மூலையில் நாலு குட்டிக் கோபுரம். காவல் கோபுரமாகவும் சிறையாகவும் இருந்தது. பிரான்சும் இங்கிலாந்தும் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் மோதிக்கொண்ட நூறாண்டுப் போரில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் கீழே சுற்றி ஒரு வட்டச் சுவர் எழுப்பிப் பீரங்கி வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கோபுரம் ஒரு பெரிய கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரித் தெரிவது அதனால்தான். படிகள் குறுகல், செங்குத்து, எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருத்தர் பின்வாங்க வேண்டும். மாமா நடு மண்டபத்து வரை வந்துவிட்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்க உக்காந்துக்கறேன்" என்று கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மேலே மணிகள் தொங்குகின்றன. இவை எதிரே இருக்கும் சான் கிரியாஸ் சர்ச்சின் மணிகள். சர்ச்சின் சொந்த மணிக்கூண்டு 17ஆம் நூற்றாண்டில் இடிந்து விழுந்ததால் கோட்டைக் கோபுரம் மணிக்கூண்டாகிவிட்டது.

மேலேயிருந்து பார்த்தால் ஊரின் வரவு செலவுக் கணக்கு முழுசாகத் தெரிகிறது. நேர் எதிரே சான் கிரியாஸ். முன்பக்கம் பார்த்தால் பெரிய பேராலயத்துக்கான ஏற்பாடு, ஆனால் நடுவில் திடீரென்று நின்றுவிடுகிறது. காசு தீர்ந்துபோய் நீளக் கூடத்தைக் கட்டி முடிக்கவே இல்லை. அதன் மேல் ஒட்டாத ஒரு குவிமாடம், 1662இல் தீப்பிடித்ததற்குப் பிறகு வைத்தது. 1429 ஆகஸ்ட் 3 அன்று ஜோன் ஆஃப் ஆர்க் இங்கே வந்து ஏழாம் சார்லஸ் அரசரோடு பூசை கண்டார், அரசருக்கு ரேன்ஸில் முடிசூட்டி மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. அந்தக் குவிமாடத்துக்குப் பின்னால் கீழ் ஊரின் ஓட்டுக் கூரைகள், இந்தப் பக்கம் திரும்பினால் மதில், மதிலுக்கு அப்பால் உடனே கோதுமை வயல். புறநகர், அடுக்கு மாடி, சூப்பர் மார்க்கெட் பார்க்கிங் எதுவும் கிடையாது. எனக்கு அதுதான் உறைத்தது. ஊர் வளர்ந்திருந்தால் மதிலை இடித்து வெளியே போயிருக்கும். வளரவில்லை.

ஏன் வளரவில்லை என்பதற்குப் பல காரணங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. 1277 வாக்கில் ஜெனோவா கப்பல்கள் ஜிப்ரால்டரைச் சுற்றி நேராக ஃபிளாண்டர்ஸ் போகத் தொடங்கின. இத்தாலியக் கம்பெனிகள் வடக்கு ஊர்களிலேயே தங்கள் ஆளை நிரந்தரமாக உட்காரவைத்துவிட்டன, மூட்டை கட்டிக்கொண்டு சந்தைக்கு வருவதற்கு அவசியம் குறைந்தது. 1284இல் ஷாம்பாய்ன் வாரிசு ழானைப் பிரான்சின் இளவரசர் பிலிப் கல்யாணம் செய்தார், மறுவருஷம் அவர் அரசரானார், அத்தோடு சந்தையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள ஒரு தனி முதலாளி இல்லாமல் போய்விட்டது. அப்புறம் ஃபிளாண்டர்ஸோடு அரசருக்குச் சண்டை, வரி, நூறாண்டுப் போர். இன்றைக்கு ஊரில் சுமார் 12,000 பேர்.

சாதத்தை மதிலடிப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்லவேளை கொண்டுபோனோம். சதுக்கத்தில் ஓர் உணவகத்தில் இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது காபியாவது கிடைக்குமா என்று கேட்டேன், சமையலறை மூடிவிட்டது என்று கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள். காபிக்கு எதற்குச் சமையலறை? மேல் ஊரில் மதில் இன்னும் 1,200 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது, இருபத்திரண்டு கோபுரங்களோடு. சான் ழான் வாசலிலிருந்து ழூயி வாசல் வரைக்கும் அகழியை ஒட்டி நடப்பதற்குக் காசு கிடையாது, கூட்டமும் கிடையாது. கோபுரங்கள் ஒன்று வட்டம், ஒன்று சதுரம், ஒன்று மூக்கு நீண்டு கப்பல் முனை மாதிரி. 13ஆம் நூற்றாண்டில்தான் பெரும்பகுதியைக் கட்டியிருக்கிறார்கள். சந்தை உச்சத்தில் இருந்த காலம் அது. மாமா கணக்குப்படி இது குடோனுக்குப் போட்ட காம்பவுண்டுச் சுவர்.

திரும்பும் வழியில் கீழ் ஊரில் சான் ஆயூல் சர்ச் வாசலில் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கள். 12ஆம் நூற்றாண்டுச் சிற்ப வாசல், பல உருவங்களுக்குத் தலை இல்லை. அவற்றுக்கு நடுவே 1980களில் ழார்ஜ் ழான்குலோ என்ற சிற்பி செய்த வெண்கல உருவங்களை வைத்திருக்கிறார்கள். மெலிந்த முகம், கண் மூடி, துணிக்குள் சுருண்டுகொண்ட மாதிரி உடம்பு. பழையதைப் போலவே செய்யாமல் இப்படி வைத்தது தப்பு என்று நினைப்பவர்கள் இருக்கலாம், எனக்குப் பிடித்தது. செப்டம்பர் சந்தை இந்த சர்ச்சைச் சுற்றித்தான் நடக்கும். தத்துவ அறிஞர் அபலார் 1120களில் வம்பிலிருந்து தப்பி வந்து தங்கியது இங்கே இருந்த மடத்தில்தான்.

வாங்கி வர வேண்டியது ரோஜா. புரோவான் ரோஜா என்று பெயரே உண்டு, தாவரப் பெயர் ரோசா காலிக்கா, வைத்தியர்கள் பயன்படுத்தியதால் மருந்துக்காரர் ரோஜா என்றும் சொல்வார்கள். ஜூனில்தான் பூக்கும், வருஷத்துக்கு ஒரு முறைதான். அடுக்கு அதிகம் இல்லாத இதழ், அழுத்தமான சிவப்பு, நடுவில் மஞ்சள் மகரந்தம் திறந்து தெரியும். 1240இல் பாட்டுக்கார திபோ என்ற பிரபு சிலுவைப்போரிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தார் என்று கடைக்குக் கடை சொல்வார்கள். அதை வெறும் கதை என்கிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. கலவரம் அடக்க வந்த எட்மண்ட் இதைத்தான் லங்காஸ்டரின் சிவப்பு ரோஜாவாக எடுத்துப்போனார் என்பதும் அதே ரகம். கதை எப்படியோ, இதழைச் சர்க்கரையோடு பதப்படுத்திச் சின்ன பாட்டிலில் விற்கிறார்கள். மாமா கரண்டி நுனியில் ருசி பார்த்தார். "குல்கந்துங்க" என்றார். "இதப்போயி எட்டு யூரோங்கறான்." ஆனாலும் அத்தைக்கு ஒன்று, மச்சான் வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு வாங்கினார். அரை யூரோ குறைக்கச் சொல்லி என்னை மொழிபெயர்க்கச் சொன்னார், எனக்குக் கூச்சமாக இருந்ததால் கேட்ட மாதிரி எதையோ முனகிவிட்டு முடியாதாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு நடைமுறை விஷயம். கோபுரம், களஞ்சியம், குகை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கூட்டுச்சீட்டு தருகிறார்கள், இரண்டு இடத்துக்கு மேல் போவதாக இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். ரயில் மணிக்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்கவில்லை. நாங்கள் பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது கதவு மூடுகிற மணி அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ரயில் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மனைவி ஆபீஸிலிருந்து மாமாவுக்கு ஃபோன் செய்தாள். கோட்டை எப்படி இருந்ததுப்பா என்று கேட்டிருப்பாள் போல. ரோஜாப் பாட்டில் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு மாமா சத்தமாகச் சொன்னார்:

"அருமையான ஊரு கண்ணு. ஊருக்குள்ளயே ரெண்டு ஆறு ஓடுது. தண்ணி நல்ல தண்ணி, உப்பு இருக்காதுன்னு நினைக்கறேன். சாயம் நல்லா புடிக்கும்."